பறக்குது கார்... பார்க்கப் போறது சைக்கிளில்!

3 லட்சம் பேர் கூடும் பிரான்சு ரேஸில் இப்படியும் ஒரு காட்சி

மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் பறக்கிறது ரேஸ் கார். அதைப் பார்க்க வந்த ரசிகரோ, ‘கிணிங் கிணிங்’ என்று மணி அடித்தபடி சைக்கிளில் போகிறார்!

வேடிக்கையாக இருக்கிறதா? பிரான்சு நாட்டில் லே மான்ஸ் என்ற ஊரில் வழக்கமாக ஜூன் மாதத்தில் இதுதான் காட்சி. பாரிஸ் நகரிலிருந்து சுமார் 200 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது இந்த ஊர்.

இங்கே நடப்பது சாதாரண ரேஸ் அல்ல. 24 மணி நேர ரேஸ்! சனிக்கிழமை மாலை 4 மணிக்குக் கொடி அசைத்தால், ஞாயிறு மாலை 4 மணிக்குத்தான் முடிவு. விடிய விடிய ஓட்டம். சமீப ஆண்டுகளில் 60-க்கும் மேற்பட்ட கார்கள் கலந்துகொள்கின்றன. ஒரு காருக்கு 3 டிரைவர்கள். முறை வைத்து மாறி மாறி ஓட்டுவார்கள்.

1923-ல் தொடங்கிய ரேஸ் இது. 2023-ல் நடந்த நூற்றாண்டு ரேஸைப் பார்க்க வந்த கூட்டம் 3 லட்சத்து 25 ஆயிரம்!

நம்ம ஊருக்கும் இதில் பங்கு உண்டு. சென்னையைச் சேர்ந்த கருண் சந்தோக் 2012-ல் இந்த ரேஸில் ஓட்டினார். இதில் ஓட்டிய முதல் இந்தியர் அவர்தான். அவர் ஓட்டிய கார் 6-வது இடத்தைப் பிடித்தது.

ஒரே நாளில் ஓர் ஊர்

இத்தனை பேர் எங்கே தங்குவார்கள்? ஓட்டல்கள் தாங்குமா?

தாங்காது. அதனால் ரேஸ் பாதையைச் சுற்றியுள்ள மைதானங்களில் டென்ட் அடித்துத் தங்குகிறார்கள். காரில் டென்ட், அடுப்பு, ஐஸ் பெட்டி, மடக்கு நாற்காலி எல்லாம் ஏற்றிக்கொண்டு வந்துவிடுவார்கள். கடல் தாண்டிக் கப்பலில் கார் ஏற்றிவரும் இங்கிலாந்துக்காரர்கள் ஏராளம். ரேஸுக்கு நாலைந்து நாள் முன்பே வந்து குடியேறுகிறவர்களும் உண்டு.

விஷயம் தெரிந்தவர்கள் இன்னொன்றையும் மறக்க மாட்டார்கள். காரின் கூரையிலோ, பின்பக்கத்திலோ சைக்கிளைக் கட்டி எடுத்துவருவார்கள்.

“கார் இருக்கும்போது சைக்கிள் எதுக்குய்யா?” என்று கேட்கத் தோன்றும். காரணம் இருக்கிறது.

13 கிலோமீட்டர் வட்டம்

இந்த ரேஸ் பாதையின் ஒரு சுற்று 13.626 கிலோமீட்டர். முன்னணிக் கார்கள் இதை மூன்றரை நிமிடத்தில் சுற்றி முடித்துவிடும். நாம் நடந்தால்?

மெயின் ஸ்டாண்டு ஓரிடத்தில் இருக்கிறது. நல்ல காட்சி கிடைக்கும் வளைவுகள் வேறு இடத்தில் இருக்கின்றன. ஆர்னாஜ் வளைவு ஒரு பக்கம். முல்சான் வளைவு இன்னும் தள்ளி. அங்கேதான் கார்கள் சடக்கென்று பிரேக் போட்டுத் திரும்பும். இரவில் பார்த்தால் பிரேக் தட்டுகள் நெருப்புத் துண்டாகச் சிவந்திருக்கும். அதைக் காண ரசிகர்கள் துடிப்பார்கள்.

ஆனால் ஆர்னாஜுக்கு நடந்து போக ஒரு மணி நேரம் பிடிக்கும். திரும்பி வர இன்னொரு மணி நேரம். ரேஸ் கார்கள் ஓடும் சாலைகள் மூடப்பட்டிருப்பதால் சுற்றிக்கொண்டுதான் போகவேண்டும்.

பஸ் விடுகிறார்கள். ஆனால் கூட்டமும் பஸ்ஸுக்குத்தான் வரும்! காரை எடுக்கலாமா? எடுத்தால் ஊர்வலம் மாதிரி ஊர்ந்து போகவேண்டும். போன இடத்தில் நிறுத்த இடம் கிடைப்பதும் கஷ்டம்.

சைக்கிளில் மிதித்தால்? 20, 25 நிமிடத்தில் வளைவுக்குப் போய்விடலாம். நடந்தவன் ஒரு வளைவு பார்ப்பதற்குள் மிதித்தவன் மூன்று வளைவு பார்த்துவிடுவான். அதோடு குடிதண்ணீர், ரொட்டி, குளியல் அறை என்று எதற்குப் போனாலும் மைதானத்தில் தூரம் தூரம்தான். கால் மிச்சம்!

நீங்களும் மிதிக்கலாம்

இந்தப் பாதையில் இன்னொரு விசேஷம். பாதையின் பெரும் பகுதி பொதுச் சாலை! மற்ற நாட்களில் லாரியும் காரும் ஓடும் ரோடு. அதில் சுமார் 6 கிலோமீட்டர் நேர்கோடாகப் போகும் பகுதிக்கு உனோதியேர் என்று பெயர். 1988-ல் ஒரு கார் இங்கே மணிக்கு 405 கிலோமீட்டர் வேகம் காட்டியது. வேகத்தைக் குறைப்பதற்காகவே 1990-ல் இடையில் இரண்டு நெளிவுகள் போட்டார்கள்.

ரேஸ் வாரத்து வெள்ளிக்கிழமை கார்களுக்கு ஓய்வு. அன்று நேர்கோட்டுச் சாலை பொதுமக்களுக்குத் திறந்திருக்கும். 405 கிலோமீட்டரில் கார் பறந்த அதே தாரில் ரசிகர் 15 கிலோமீட்டரில் மிதித்துப் போகலாம். கட்டணம் இல்லை!

சாலை ஓரத்திலேயே ஒரு குதிரைப் பந்தய மைதானம் இருக்கிறது. 1908 ஆகஸ்ட் 8-ந் தேதி அமெரிக்காவின் வில்பர் ரைட் இங்கேதான் விமானம் ஓட்டிக் காட்டி, ஐரோப்பாவையே வாய் பிளக்க வைத்தார். அவரும் அவர் தம்பியும் ஊரில் என்ன தொழில் பார்த்தார்கள் தெரியுமா? சைக்கிள் கடை!

ரேஸ் பாதைக்கு மேலே டயர் வடிவில் நிற்கும் ‘டன்லப் பாலம்’ உலகப் பிரசித்தம். அந்த டன்லப், காற்றடைத்த டயரை உருவாக்கியதும் காருக்காக அல்ல. மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்காக!

இருட்டில்தான் ஆபத்து

இதெல்லாம் சரி. சைக்கிள் கொண்டுபோனால் மட்டும் போதாது. உயிர் விஷயமும் இருக்கிறது.

ஜூன் மாதத்தில் அங்கே இரவு 10 மணி வரை வெளிச்சம் இருக்கும். அதை நம்பி விளக்கு இல்லாமல் கிளம்புகிறவர் திரும்பும்போது மாட்டிக்கொள்வார். கிராமத்து ரோடு. தெருவிளக்கு கிடையாது. எதிரே வருபவர் தூக்கக் கலக்கத்திலோ, பாட்டில் மயக்கத்திலோ இருக்கலாம்.

பிரான்சில் இரவு சைக்கிளுக்கு முன்னாலும் பின்னாலும் விளக்கு கட்டாயம். ஊர் எல்லை தாண்டினால், இருட்டில் மின்னும் சட்டையும் போடவேண்டும். இந்தச் சட்டம் 2008-ல் வந்தது. வலப்பக்கம்தான் ஓட்டவேண்டும். இடப்பக்கம் ஓட்டிப் பழகிய இங்கிலாந்துக்காரரும் நம்மவரும் முதல் திருப்பத்திலேயே தடுமாறும் இடம் இது.

“சைக்கிள்தானே, ரெண்டு கிளாஸ் போட்டா என்ன?” என்ற பேச்சு செல்லாது. கார் டிரைவருக்கு உள்ள அதே அளவுதான் சைக்கிளுக்கும். ஒரு லிட்டர் ரத்தத்தில் 0.5 கிராம். தாண்டினால் அபராதம்.

இன்னொரு கண்ணி. ரேஸ் வர்ணனையைக் காதில் மாட்டிக் கேட்டபடியே மிதிக்கலாம் என்று தோன்றும். கூடாது! 2015 முதல் அங்கே ஓட்டும்போது காதில் ஒலிக்கருவி மாட்டத் தடை. பிடிபட்டால் 135 யூரோ தண்டம்.

பூட்டு எங்கே?

3 லட்சம் பேர் கூடும் இடத்தில் கைவரிசை காட்டுபவன் ஒருவன்கூட இல்லாமலா இருப்பான்? எல்லோரும் ரேஸ் பார்க்கப் போன பிறகு டென்டுகள் காலி. அதுதான் அவன் நேரம்.

சக்கரத்தை மட்டும் பூட்டினால் சக்கரம் மட்டும்தான் மிஞ்சும்! பிரேமோடு சேர்த்து, நகராத கம்பியில் பூட்டவேண்டும். துணைக்கு ஆள் இருந்தால் இரண்டு சைக்கிளையும் ஒரே சங்கிலியில் கோக்கலாம். பளபளக்கும் புது சைக்கிளை வீட்டில் விட்டுவிட்டுப் பழசைக் கொண்டுபோவது உத்தமம். பிரான்சில் 2021 முதல் கடையில் விற்கும் புது சைக்கிள்களுக்கு அடையாள எண் பொறிப்பது கட்டாயம். திருட்டு அங்கேயும் பெரிய தொல்லைதான் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

பஞ்சர் சாமானும் பம்பும் அவசியம். புல்தரையில் டென்ட் ஆணியும் உடைந்த பாட்டிலும் கிடக்கும். மட்கார்டு இருந்தால் நல்லது. 2024-ல் இரவில் மழை கொட்டி, ரேஸ் கார்களே நான்கு மணி நேரத்துக்கு மேல் பாதுகாப்பு கார் பின்னால் வரிசையாக ஊர்ந்தன. மைதானத்துச் சேறு பற்றிச் சொல்லவும் வேண்டுமா?

வாசல் தாண்டி சைக்கிளை எதுவரை விடுவார்கள் என்பது ரேஸ் நடத்துபவர்கள் கையில். டிக்கெட் வாங்கும்போதே விதியைப் படித்துவிட வேண்டும்.

யார் ஓட்டுவது?

கடைசியாக முக்கியமான கணக்கு ஒன்று.

ரேஸில் ஒரு டிரைவர் எந்த 6 மணி நேரத்திலும் 4 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது. மொத்தத்தில் 14 மணி நேரம்தான். களைத்தவன் கையில் கார் கொடுத்தால் உயிர் போகும் என்பதால் இந்தச் சட்டம்.

ரசிகருக்கு இப்படிச் சட்டம் உண்டா? கிடையாது. இரண்டு நாள் கண் விழித்து, மைல் கணக்கில் நடந்து, ஞாயிறு மாலை அவரே ஸ்டியரிங் பிடிக்கிறார். வெளியே லட்சம் பேர் ஒரே நேரத்தில் கிளம்பும் நெரிசல். அதன் பிறகு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர். ரேஸில் தப்பியது ரோட்டில் நடந்தால்?

இங்கேதான் சைக்கிளின் அருமை தெரிகிறது. சனி இரவு வளைவு பார்த்துவிட்டுச் சீக்கிரம் டென்டுக்குத் திரும்பி நாலு மணி நேரமாவது தூங்கலாம். ஞாயிறு இரவும் தங்கி, நெரிசல் தீர்ந்தபின் திங்கள் காலை கிளம்பலாம்.

ரேஸில் கோப்பை ஒருவருக்குத்தான். பத்திரமாக வீடு போய்ச் சேரும் கோப்பையை 3 லட்சம் பேரும் வாங்கலாம்!

- நமது நிருபர்