செலவுக்கு ஏற்ற அட்டை

பத்து பாகாட் மாவட்டத்தில், யோங் பெங் அல்லது ஆயர் ஈத்தாம் சாலையோரத்திலுள்ள ஓர் எண்ணெய் நிலையத்தில் சிறிது நேரம் நின்று கவனிப்போமானால், சிந்திக்கத்தக்க ஒரு காட்சியைக் காணலாம். அரசாங்க இலாகா ஒன்றின் வாகனம் வந்து நிற்கிறது. அதன் ஓட்டுநர் ரொக்கம் எதுவும் கொடுப்பதில்லை. ஓர் அட்டையை நீட்டி, ரசீதைப் பெற்று, வாகனக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு புறப்படுகிறார். அடுத்து, பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் பேருந்து டீசல் நிரப்பிக் கொள்கிறது. அதன் ஓட்டுநர் காட்டுவது வேறொரு வகை அட்டை. பிறகு, வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் வரும் தோட்டத் தொழிலாளி ஒருவர், தம் மைகாட் அடையாள அட்டையைக் கருவியில் செருகிவிட்டு, பெட்ரோலுக்குரிய தொகையைத் தம் பையிலிருந்து கொடுக்கிறார்.

மூவர், மூன்று அட்டைகள். எனினும் மூன்றின் பின்னாலும் அரசாங்கப் பணம் இருக்கிறது. முதல் வாகனத்திற்கு முழுச் செலவையும் அரசாங்கம் ஏற்கிறது. மற்ற இரண்டிற்கும் விலையில் ஒரு பகுதியை உதவித் தொகையாக ஏற்கிறது. அப்படியானால், எல்லாருக்கும் ஒரே வகை அட்டையைக் கொடுத்துவிடாமல் ஏன் வெவ்வேறு வகைகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும்? இக்கேள்விக்குரிய விடை அலுவலகங்களுக்கு மட்டும் உரியதன்று. சம்பளமும் உதவித் தொகையும் அட்டை வழியாகவே கைக்கு வரும் இக்காலத்தில், ஒவ்வொரு தோட்டக் குடும்பமும் அதை அறிந்திருத்தல் நலம்.

தாளிலிருந்து அட்டைக்கு

முற்காலத்தில் அரசாங்க அலுவலகம் ஒரு பொருளை வாங்க வேண்டுமானால், அதிகாரி கையெழுத்திட்ட கொள்முதல் ஆணைத் தாள் கடைக்குப் போகும். கடைக்காரர் பொருளைக் கொடுத்துவிட்டுப் பில்லை அனுப்புவார். அது சரிபார்க்கப்பட்டுப் பின்னர்ப் பணம் வரும். சில்லறைச் செலவுகளுக்கென்று ஒரு சிறு ரொக்கத் தொகை பெட்டியில் வைக்கப்பட்டிருக்கும். இம்முறைகள் இன்றும் அடியோடு மறைந்துவிடவில்லை. ஆயினும், சிறு பொருள் ஒன்றை வாங்குவதற்கு எழுதும் தாள்களின் செலவு, அப்பொருளின் விலையையே மிஞ்சிவிடுவதுண்டு. பெட்டியிலுள்ள ரொக்கமோ, யாரிடம் எப்போது போயிற்று என்று சொல்லாது.

இக்குறைகளை நீக்குவதற்காகவே பல நாடுகள் அட்டையை நாடின. பிரிட்டன் 1997-இல் அரசாங்கக் கொள்முதல் அட்டையை அறிமுகப்படுத்தியது. அமெரிக்காவில் 1998-இல் தொடங்கிய திட்டம், அரசாங்க இலாகாக்களுக்கான அட்டைகளைக் கொள்முதல் அட்டை, பயண அட்டை, வாகன அட்டை எனப் பிரித்தது. பொருள் வாங்கும் அட்டையால் விமானச் சீட்டு எடுப்பதோ, வாகன அட்டையால் மேசை நாற்காலி வாங்குவதோ கூடாது என்பதே இப்பிரிவின் நோக்கம்.

நம் நாட்டிலும் இவ்வழக்கம் புதியதன்று. அரசாங்க வாகனங்கள் எண்ணெய் நிரப்புவதற்கு ‘காட் இண்டென்’ என்னும் அட்டை பயன்பட்டு வருகிறது. நெடுஞ்சாலைக் கட்டணத்திற்கு ‘டச் அண்ட் கோ’ அட்டை உள்ளது. ஒரே வாகனம், ஒரே ஓட்டுநர், ஒரே பயணம். இருந்தும் எண்ணெய்க்கு ஓர் அட்டை, சாலைக் கட்டணத்திற்கு வேறோர் அட்டை. பத்து பாகாட்டிலிருந்து ஜொகூர் பாருவுக்குப் புறப்படும் அலுவலக வாகனம் ஆயர் ஈத்தாமில் நெடுஞ்சாலையில் ஏறும்போது இவ்வேறுபாடு தெளிவாகிறது.

யாருடைய பணம், எப்போது கழிகிறது?

அட்டைகளை அவற்றின் பெயரால் அறிவதைவிட, பணம் எப்போது கழிகிறது என்பதைக் கொண்டு அறிவதே தெளிவு. இவ்வகையில் அவை மூன்று.

முன்பணம் ஏற்றிய அட்டையில், முதலில் பணத்தைப் போட்ட பிறகே செலவு செய்ய முடியும். சாலைக் கட்டண அட்டை இவ்வகையைச் சேர்ந்தது. அது தொலைந்துவிட்டால், அதில் எஞ்சியிருந்த தொகைக்கு மேல் நட்டம் ஏற்படாது.

வங்கியில் கொடுக்கப்படும் பற்று அட்டை இரண்டாவது வகை. தோட்டத்தில் ‘கடைப்பற்று’ என்றால் கடன் என்பது பொருள். ஆனால் பற்று அட்டை கடன் தருவதன்று. பொருள் வாங்கியவுடன் நம் கணக்கிலிருந்தே பணம் கழிந்துவிடும். அட்டையும் இரகசிய எண்ணும் வேறொருவர் கைக்குப் போய்விட்டால், கணக்கிலுள்ள சம்பளம் முழுவதும் ஆபத்துக்குள்ளாகும்.

கடன் அட்டை மூன்றாவது வகை. வங்கி முதலில் செலுத்திவிடுகிறது. பில் பின்னால் வருகிறது. முழுத் தொகையையும் உரிய நாளில் கட்டாவிட்டால் வட்டி ஏறும். அரசாங்க அலுவலகங்கள் இவ்வகையைத் தேர்ந்தெடுக்கும்போது மிகவும் கவனமாக இருக்க வேண்டியுள்ளது. அமெரிக்கப் பயண அட்டைகளில், சிலவற்றின் பில் நேரே இலாகாவுக்குப் போகும். சிலவற்றின் பில் ஊழியருக்கே வரும். அவர் செலுத்திவிட்டு இலாகாவிடம் திரும்பப் பெற வேண்டும். அட்டையின் தோற்றம் ஒன்றே. ஆனால் பணம் வரத் தாமதமானால் சுமை யார் தலையில் விழும் என்பது அடியோடு மாறிவிடுகிறது.

தேர்வுக்குரிய நான்கு கேள்விகள்

ஓர் அலுவலகம் அட்டையைத் தேர்ந்தெடுக்கும்போது நான்கு கேள்விகளுக்கு விடை காண வேண்டும். முதலாவது, இந்த அட்டை எந்தச் செலவுக்கு? இரண்டாவது, இதன் பில்லைச் செலுத்துபவர் யார்? மூன்றாவது, இதைக் கையில் வைத்திருப்பவர் யார்? நான்காவது, இது தவறான கையில் சிக்கினால் எவ்வளவு போகும்?

எல்லாவற்றையும் வாங்கக்கூடிய அட்டை வசதியாகத் தோன்றலாம். ஆனால் நான்காவது கேள்விக்கு அது மோசமான விடையைத் தருகிறது. எண்ணெய் மட்டுமே வாங்க முடிந்த அட்டையைத் திருடியவன் அதைக் கொண்டு நகை வாங்க முடியாது. ஆகவே, செலவின் எல்லையை முதலில் வரையறுத்துவிட்டு, அதன் பிறகே அட்டையை யார் கையில் கொடுப்பது என்று முடிவு செய்வதுதான் முறை. எல்லை குறுகினால் நட்டமும் குறுகும்.

இவ்விதி உதவித் தொகைகளிலும் கையாளப்பட்டிருக்கிறது. 2024 ஜூன் 10-ஆம் நாள் தீபகற்பத்தில் டீசலுக்கான பொது உதவித் தொகை நீக்கப்பட்டு, விலை லிட்டருக்கு 3 வெள்ளி 35 காசாக நிர்ணயிக்கப்பட்டது. அப்போது, தகுதி பெற்ற பொருள் ஏற்றும் வாகனங்களுக்கு 2 வெள்ளி 15 காசு விலையிலும், பள்ளிப் பேருந்து உள்ளிட்ட பொதுப் போக்குவரத்து வாகனங்களுக்கு 1 வெள்ளி 88 காசு விலையிலும் டீசல் கிடைக்க வாகன அட்டை முறை வைக்கப்பட்டது. அவ்வட்டை வாகனத்தைப் பின்பற்றுவது. அதே ஆண்டில், டீசல் வாகனம் வைத்திருந்த தகுதியுள்ள தனிநபருக்கும் சிறு விவசாயிக்கும் மாதம் 200 வெள்ளி ரொக்க உதவி வழங்கப்பட்டது. 2025 செப்டம்பர் 30-இல் பொதுமக்களுக்குத் தொடங்கிய ‘பூடி 95’ திட்டத்தில், ஓட்டுநர் உரிமம் உள்ள குடிமக்கள் மைகாட்டைக் காட்டி, தொடக்கத்தில் மாதம் 300 லிட்டர் வரை, லிட்டர் 1 வெள்ளி 99 காசுக்கு பெட்ரோல் பெற்றனர். அங்கே அட்டை வாகனத்தைப் பின்பற்றவில்லை, மனிதரைப் பின்பற்றியது.

ரொக்கமா, மைகாட்டா?

தோட்ட மக்களை நேரடியாகத் தொடும் தேர்வு இதுவே. 2025-இல் ‘சும்பாங்கான் துனாய் ரஹ்மா’ என்னும் உதவி ரொக்கமாக வங்கிக் கணக்கில் சேர்க்கப்பட்டது. ‘சாரா’ என்று சுருக்கமாக வழங்கும் அடிப்படைப் பொருள் உதவியோ மைகாட்டில் வரவு வைக்கப்பட்டது. பதிவு பெற்ற கடைகளில் அரிசி, முட்டை, சமையல் எண்ணெய், மருந்து, பள்ளி உபகரணம் போன்ற குறிப்பிட்ட வகைப் பொருள்களை மட்டுமே அதைக் கொண்டு வாங்கலாம். அவ்வாண்டு ஆகஸ்ட் 31 முதல், 18 வயதும் அதற்கு மேற்பட்டதுமான எல்லாக் குடிமக்களுக்கும் ஒரு முறை 100 வெள்ளி இவ்வழியே வழங்கப்பட்டது. திசம்பர் 31-க்குள் அதைச் செலவு செய்ய வேண்டும் என்பது விதி.

மைகாட் முறையின் நன்மை தெளிவானது. அப்பணம் சாராயக் கடைக்கோ சூதாட்டத்திற்கோ போக வழியில்லை. அடுப்பு எரிய வேண்டிய வீட்டில் அடுப்பு எரியும். குடும்பத் தலைவனின் கையில் ரொக்கம் தங்குவதில்லை என்று கண்ணீர் விட்ட தாய்மார்கள் இதன் அருமையை அறிவார்கள்.

ஆனால் இதன் குறையையும் மறைக்கலாகாது. நெடுஞ்சாலையிலிருந்து பல மைல் உள்ளே தள்ளியிருக்கும் தோட்டத்தில் வாழும் மூதாட்டிக்கு, பதிவு பெற்ற கடை நகரத்தில்தான் இருக்கிறது என்றால், போய் வரும் வண்டிச் சத்தம் உதவியில் ஒரு பகுதியை விழுங்கிவிடும். கருவி இயங்காவிட்டால் அரிசியும் இல்லை. 2025 ஆகஸ்ட் 31-ஆம் நாள், மக்கள் ஒரே சமயத்தில் கடைகளில் குவிந்ததால் இம்முறை தடுமாறியதை நாடே கண்டது. மேலும், குழந்தைக்குக் காய்ச்சல் என்று நள்ளிரவில் வாடகை வண்டி பிடிக்க, அரிசி வாங்கும் அட்டை உதவாது. குறுகிய எல்லை நட்டத்தைத் தடுப்பதுபோல், சில சமயம் தேவையையும் தடுக்கிறது. ஆதலால்தான் ஒரு பகுதியை ரொக்கமாகவும், ஒரு பகுதியை மைகாட்டிலும் பிரித்துத் தருவது பொருத்தமாகிறது. இரண்டும் வேண்டும், ஒன்றின் இடத்தை மற்றொன்று நிரப்பாது.

அட்டையை அடகு வைக்காதீர்

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியமாகிறது. அவசரத்திற்குப் பணம் வாங்கும் சிலர், கடன் கொடுப்பவரிடம் வங்கி அட்டையையும் இரகசிய எண்ணையும் ஈடாகக் கொடுத்துவிடுகின்றனர். வேறு சிலர், கடைப்பற்றுக்குப் பிணையாக மைகாட்டையே கடையில் விட்டு வைக்கின்றனர். இது பழங்காலத்துப் பற்றுப் புத்தகத்தைவிடக் கொடியது. பற்றுப் புத்தகத்தில் கடைக்காரர் கணக்கைக் கூட்டி எழுதினாலும், சம்பளம் நம் கைக்கு வந்த பிறகே அவர் கேட்க முடிந்தது. அட்டையையும் எண்ணையும் கொடுத்துவிட்டால், சம்பளம் நம் கண்ணில் படுமுன்னரே போய்விடும். பொதுவாகச் சம்பளம் வங்கிக் கணக்கின் வழியாகவே செலுத்தப்பட வேண்டும் என்று வேலைச் சட்டம் விதித்திருப்பது தொழிலாளியின் பாதுகாப்புக்காக. அட்டையைப் பிறரிடம் ஒப்படைப்பவர் அந்தப் பாதுகாப்பைத் தாமே அவிழ்த்துவிடுகிறார்.

மைகாட்டைப் பொறுத்தவரை, பிறருடைய அடையாள அட்டையைத் தக்க அதிகாரமின்றி வைத்திருப்பது 1990-ஆம் ஆண்டுத் தேசியப் பதிவு விதிகளின்படி குற்றமாகும். அதற்கு மூன்று ஆண்டு வரை சிறையோ, 20,000 வெள்ளி வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். எனவே, கடைக்காரரோ கடன் கொடுப்பவரோ கேட்டால், மறுப்பதற்கு நமக்கு உரிமையுண்டு. மைகாட் தொலைந்தால் தாமதமின்றித் தேசியப் பதிவு இலாகாவில் தெரிவித்துப் புதியது பெற வேண்டும். வங்கி அட்டை தொலைந்தால் உடனே வங்கிக்கும், ஏமாற்றுக்காரரிடம் பணம் போய்விட்டால் உடனே வங்கிக்கும் 997 என்னும் தேசிய மோசடித் தடுப்பு மையத்தின் எண்ணுக்கும் தெரிவித்தல் வேண்டும். சில நிமிடத் தாமதமும் பெரும் நட்டமாகலாம்.

வீட்டிலும் சங்கத்திலும்

அரசாங்க அலுவலகம் கேட்கும் அந்த நான்கு கேள்விகளையே வீட்டிலும் கேட்கலாம். சம்பளம் வரும் கணக்கின் அட்டையை வீட்டில் பத்திரமாக வைத்துவிட்டு, சந்தைச் செலவுக்கு மட்டும் வேறொரு கணக்கில் சிறு தொகையை மாற்றிக்கொள்ளும் குடும்பம், அட்டை தொலைந்தாலும் சம்பளத்தை இழப்பதில்லை. வெளியூரில் பயிலும் பிள்ளைக்குக் கடன் அட்டையைக் கொடுப்பதைவிட, அளவான தொகை உள்ள கணக்கின் அட்டையைக் கொடுப்பது அறிவுடைமை.

தோட்டத்துக் கோயில் நிர்வாகம், கூட்டுறவுச் சங்கம், பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஆகியவற்றிற்கும் இதுவே பொருந்தும். பொதுப் பணத்தை ஒருவருடைய சொந்த அட்டையின் வழியாகச் செலவழித்துவிட்டுப் பின்னால் கணக்குப் பார்க்கும் வழக்கம், நல்லவர்களிடையேயும் சந்தேகத்தை விதைத்துவிடும். சங்கத்தின் பெயரில் தனிக் கணக்கு, இருவர் கையெழுத்து, ஒவ்வொரு செலவுக்கும் ரசீது, மாதந்தோறும் ஒரு பரிசோதனை ஆகிய இந்நான்கும் இருந்தால் நட்பும் காக்கப்படும், பணமும் காக்கப்படும்.

எண்ணெய் நிலையத்தில் நாம் கண்ட அரசாங்க ஓட்டுநர் ரசீதைப் பெற்றுக் குறிப்பேட்டில் எழுதியதை மீண்டும் நினைவு கூர்வோம். அவர் அட்டையை மட்டும் நம்பவில்லை. எவ்வளவு சிறந்த அட்டையானாலும், செலவழித்ததை எழுதி வைக்கும் பழக்கம் இல்லாத கையில் அது வெறும் தகடே. செலவுக்கு ஏற்ற அட்டையைத் தேர்ந்து, அதைத் தம் கையிலேயே வைத்துக்கொண்டு, கணக்கையும் எழுதி வைக்கும் குடும்பத்தின் உழைப்பு வீண் போவதில்லை.