பயனர் கணக்கும் கடவுச்சொல்லும்: வலையமைப்பு அடைவுச் சேவை

பாடசாலையொன்றின் கணினி ஆய்வுகூடத்தில் 30 கணினிகள் உள்ளன எனவும், 400 மாணவர்கள் அவற்றைப் பயன்படுத்துகின்றனர் எனவும் கொள்வோம். எவரும் எந்தக் கணினியிலும் அமரலாமெனில், ஒவ்வொரு கணினியிலும் தனித்தனியே கணக்குத் திறக்க 30 × 400 = 12,000 கணக்குகள் தேவை. ஒருவர் தமது கடவுச்சொல்லை மாற்றினாலும் ஏனைய 29 கணினிகளிலும் பழையதே இருக்கும். இச்சிக்கலைத் தீர்ப்பதே அடைவுச் சேவை. இதில் கணக்குகள் யாவும் சேவையகத்தில் ஒரே இடத்தில் பேணப்படுவதால் 400 கணக்குகளே போதும். மாணவர் எந்தக் கணினியில் அமர்ந்தாலும் அக்கணினி சேவையகத்தின் மூலமே அவரைச் சரிபார்க்கும்.

இதற்கான எக்ஸ்.500 நியமம் 1988 இல் வெளியானது. அது சிக்கலானதாக இருந்தமையால், எல்டாப் எனும் இலகுவான நடப்பொழுங்கு 1993 இல் வெளிவந்தது. மைக்ரோசொப்டின் அக்டிவ் டிரெக்டரி விண்டோஸ் 2000 சேவையகத்துடன் அறிமுகமாயிற்று.

கணக்குத் திறக்கும்போது நிருவாகி முதலில் தீர்மானிக்க வேண்டியது பயனர் பெயர். ஒரே ஆள்களத்தில் இருவருக்கு ஒரே பயனர் பெயர் இருக்க முடியாது. எனவே மாணவரின் பெயரைவிடச் சேர்விலக்கத்தைப் பயன்படுத்துவதே சிறந்தது. ஒரே வகுப்பில் ஒரே பெயருடைய இருவர் இருப்பது புதிதல்லவே. அடுத்து, தற்காலிகக் கடவுச்சொல் ஒன்றை இட்டு, "அடுத்த முறை உள்நுழையும்போது மாற்ற வேண்டும்" என்ற தெரிவை இயக்குவார். இதனால் மாணவரின் கடவுச்சொல் நிருவாகிக்கும் தெரியாது போகும். சேவையகமும் கடவுச்சொல்லை அப்படியே வைத்திராமல், அதிலிருந்து கணிக்கப்படும் ஹாஷ் பெறுமானத்தையே வைத்திருக்கும். ஆகவே மறந்த கடவுச்சொல்லை எவரும் "பார்த்துச் சொல்ல" முடியாது. புதிதாக ஒன்றை இடவே முடியும்.

அக்டிவ் டிரெக்டரியின் இயல்புநிலைக் கொள்கைப்படி கடவுச்சொல்லில் குறைந்தது 7 வரியுருக்கள் இருத்தல் வேண்டும். பேரெழுத்து, சிற்றெழுத்து, இலக்கம், குறியீடு முதலியவற்றில் மூன்று வகைகளேனும் வர வேண்டும். ஆனால் விதி நிறைவேறினால் மட்டும் கடவுச்சொல் வலுவானதாகிவிடாது. தங்கையின் பெயரைப் பேரெழுத்தில் தொடங்கிப் பிறந்த ஆண்டைச் சேர்த்தால் விதி நிறைவேறும். பக்கத்து மேசை நண்பரோ அதனை இரண்டு முயற்சிகளில் கண்டுபிடித்து விடுவார். தொடர்பற்ற நான்கு சொற்களைச் சேர்த்த நீண்ட தொடர் இதனைவிட மேலானது.

இயல்புநிலையில் கடவுச்சொல் 42 நாட்களில் காலாவதியாகும். பழைய நூல்களும் அடிக்கடி மாற்றுமாறே கூறும். எனினும் மைக்ரோசொப்ட் 2019 இல் தனது பாதுகாப்புப் பரிந்துரையிலிருந்து இக்கட்டாயத்தை நீக்கியது. அடிக்கடி மாற்றச் சொன்னால் பலர் இறுதி இலக்கத்தை மட்டும் கூட்டிவிடுகின்றனர் என்பதே காரணம். கசிந்தது எனச் சந்தேகித்தால் மட்டும் உடனே மாற்றுக.

பயிற்சி வினா: நீண்ட விடுமுறையில் சென்ற மாணவரின் கணக்கை நிருவாகி நீக்கினார். மாணவர் திரும்பியதும் அதே பெயரில் கணக்குத் திறந்தும், சேவையகத்திலுள்ள தமது செயற்றிட்டக் கோப்புகளை அவரால் திறக்க முடியவில்லை. ஏன்?

விடை: அனுமதிகள் பயனர் பெயருக்கல்ல, கணக்கின் பாதுகாப்பு அடையாள எண்ணுக்கே வழங்கப்படுகின்றன. புதிய கணக்குக்குப் புதிய எண் கிடைத்துள்ளது. கோப்புகள் அழியவில்லை; நிருவாகி மீண்டும் அனுமதி வழங்க வேண்டும். கணக்கை நீக்காமல் முடக்கி வைத்திருந்தால் இவ்வேலையே வந்திராது.