சூளையின் நடுவே ஒரு புகழ்ப்பா



நமது கரிசல் மண்ணில் வாணவேடிக்கை இல்லாமல் பங்குத் திருவிழா நிறைவு பெறுவதில்லை. புனிதரின் சப்பரம் தெருமுனை திரும்பும் வேளையில் வானத்தில் ஒளிப்பூக்கள் விரிகின்றன. பெண்கள் குலவையிடுகின்றனர், சிறுவர்கள் அண்ணாந்து பார்த்து ஆர்ப்பரிக்கின்றனர். அந்தக் கூட்டத்திலேயே, அந்த வாணத்துக்கு மருந்து செலுத்திய கைகளும் குவிந்து நிற்கின்றன. நகக்கண்களில் அலுமினியப் பொடியின் வெள்ளி நிறம் இன்னும் மறையாத கைகள் அவை. அக்கைகளைக் குவித்து நிற்பவர் இறைவனைப் புகழும்போது அந்தப் புகழ்ச்சிக்கு என்ன பொருள்? விருதுநகர், சாத்தூர், சிவகாசி வட்டாரங்களில் வாழும் நாம் இதனை ஆழ்ந்து சிந்திக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

புகழ்ச்சி கைம்மாறு ஆகுமா?

நமது செபங்களைச் சற்று ஆராய்ந்து பார்ப்போமா? பிள்ளைக்கு வேலை வேண்டும், மகளுக்கு வரன் அமைய வேண்டும், நோய் தீர வேண்டும் என்று மன்றாடுகிறோம். கேட்டது கிடைத்துவிட்டால் மெழுகுதிரி ஏற்றி நன்றி சொல்கிறோம். இவையெல்லாம் நல்ல செபங்களே. ஆண்டவரே கேட்கச் சொல்லியிருக்கிறார். ஆயினும் செபம் இவற்றோடு முடிந்துவிடுவதில்லை. மன்றாட்டு நம் தேவையை நோக்குகிறது. நன்றி, பெற்ற கொடையை நோக்குகிறது. புகழ்ச்சியோ கொடுப்பவரையே நோக்குகிறது. அவர் நமக்குச் செய்தவற்றுக்காக மட்டுமின்றி, அவர் இறைவனாய் இருக்கிறார் என்பதற்காகவே அவரை ஏற்றிப் போற்றுவது புகழ்ச்சி. 1992-ஆம் ஆண்டு வெளிவந்த திருச்சபையின் மறைக்கல்வி நூலும் (எண் 2639) இக்கருத்தையே நமக்குக் கற்பிக்கிறது.

ஆராதனை இறைவன் ஒருவருக்கே உரியது. தேவதாய்க்கும் புனிதர்களுக்கும் நாம் செலுத்துவது வணக்கம்; ஆராதனை அன்று. இந்த வேறுபாட்டை நம் பிள்ளைகளுக்குத் தெளிவாகச் சொல்லித் தருவது பெற்றோரின் கடமையாகும்.

"நம் புகழ்ச்சி கடவுளுக்கு எதற்கு? அவருக்கு ஏதேனும் குறை உண்டா?" என்று இளைஞர் சிலர் வினவுகின்றனர். நல்ல கேள்விதான். நமது புகழால் அவருடைய பெருமை கூடிவிடுவதில்லை. நாமே அதனால் பயன் பெறுகிறோம் என்று திருப்பலியின் தொடக்கவுரை ஒன்றிலே திருச்சபை வெளிப்படையாக அறிக்கையிடுகிறது. இறைவனை இறைவனாக ஏற்றுக்கொள்ளும்போதுதான் மனிதன் பணத்துக்கும் பதவிக்கும் சாதிக்கும் தலை வணங்காமல் நிமிர்ந்து நிற்கிறான். 'நற்கருணை' என்று நாம் வழங்கும் திருவருட்சாதனத்தின் கிரேக்கப் பெயரே 'நன்றி செலுத்துதல்' என்று பொருள்படுவதாகும். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 4-12-1963 அன்று வெளியிட்ட திருவழிபாட்டுச் சாசனம், திருச்சபையின் வாழ்வுக்கெல்லாம் ஊற்றும் சிகரமும் வழிபாடே என்று உரைக்கிறது.

"எனக்கு வாய் வரலை, சாமி"

இவ்வளவையும் குருமடத்திலேயே நாம் கற்றிருந்தோம். ஆயினும் புகழ்ச்சியைப் பற்றி நமக்குத் தெரியாதிருந்த ஒன்றை ஒரு தாய் கற்பித்தார்.

மழை பொய்க்கும் இந்தப் பூமியில், 1920-களின் தொடக்கத்திலே கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தவர்கள் அய்ய நாடாரும் சண்முக நாடாரும். 1940-களில் பட்டாசுத் தொழிலும் உருப்பெற்றது. வறண்ட வானமே இத்தொழிலுக்கு வாய்ப்பாயிற்று. பல்லாயிரம் அடுப்புகள் இதனால் எரிகின்றன. அதே தீ பல வீடுகளின் விளக்கை அணைத்தும் இருக்கிறது. 5-9-2012 அன்று முதலிப்பட்டியில் ஏறத்தாழ 40 பேர் மடிந்தனர். உதவிக்கு ஓடிச் சென்றவர்களும் அவர்களுள் அடங்குவர். 12-2-2021 அன்று சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் சுமார் 20 உயிர்கள் போயின. 17-10-2023 அன்று ஒரே நாளில் இரண்டு இடங்களில் விபத்து நேர்ந்தது. மாண்டவர்களின் சமயத்தையோ சாதியையோ தீ கேட்கவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன், இத்தகைய விபத்தொன்றில் மகனைப் பறிகொடுத்த ஒரு தாயைக் காணச் சென்றோம். அடக்கம் முடிந்து எட்டு நாள்கூட ஆகவில்லை. மகன் வேலைக்குக் கொண்டு செல்லும் தூக்குவாளி கழுவிக் கவிழ்த்தபடியே திண்ணையில் இருந்தது. ஆறுதல் சொல்ல வேண்டுமே என்ற அவசரத்தில், "அம்மா, துன்பத்திலும் ஆண்டவரைத் துதிக்க வேண்டும், யோபு துதித்தாரல்லவா?" என்றோம். அவர் நம்மை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையிலே கோபம் இல்லை. "எனக்கு வாய் வரலை, சாமி. நீங்கள்லாம் பாடுங்க, நான் கேட்டுக்கிட்டு நிக்கிறேன்" என்றார்.

நாம் வெட்கி வீடு திரும்பினோம். யோபுவின் வாயில் எழுந்த புகழ்ச்சி அவருடைய உள்ளத்திலிருந்து வந்தது. அவருடைய நண்பர்கள் அவர் வாயில் திணித்ததன்று. யோபுவோடு ஏழு நாள் பேசாமல் தரையில் அமர்ந்திருந்தவரையில்தான் அந்நண்பர்கள் நல்ல நண்பர்களாய் இருந்தார்கள் என்பதை நாம் மறந்துவிட்டோம்.

மூன்று இளைஞர்

அன்று இரவு தானியேல் நூலின் மூன்றாம் அதிகாரத்தைத் திறந்தோம். நெபுகத்னேசர் மன்னன் நிறுத்திய பொற்சிலையை வணங்க மறுத்த மூன்று இளைஞர்கள் எரிகிற சூளையில் எறியப்பட்ட வரலாறு நீங்கள் அறிந்ததே. தீயின் நடுவே அவர்கள் பாடிய பாடலின் ஒரு பகுதியை ஞாயிறுதோறும் காலைச் செபத்தில் குருக்களும் துறவியரும் சொல்லி வருகின்றனர். கதிரவனையும் நிலவையும், பனியையும் குளிரையும், மலைகளையும் கடல்களையும் இறைவனைப் போற்ற அழைக்கும் அப்பாடல், தீயையும் வெப்பத்தையும்கூட அழைக்கிறது!

இவ்வரலாற்றில் இரண்டு செய்திகளை நாம் கவனிக்கத் தவறுகிறோம். முதலாவது, சூளைக்குள் போகுமுன் அவர்கள் மன்னனிடம் சொன்ன பதில். எங்கள் கடவுள் எங்களைக் காப்பாற்ற வல்லவர். ஒருவேளை அவர் காப்பாற்றாவிட்டாலும் உமது சிலையை வணங்கமாட்டோம் என்று அவர்கள் உரைத்தனர். ஆகவே, உயிர் பிழைத்ததற்குக் கொடுத்த கூலியன்று அவர்களுடைய பாடல்.

இரண்டாவது, தீக்குள் முதலில் எழுந்தது புகழ்ப்பா அன்று. அசாரியா முதலில் அழுது மன்றாடினார். எங்களுக்குத் தலைவன் இல்லை, இறைவாக்கினன் இல்லை, பலி செலுத்த இடமும் இல்லை. நொறுங்கிய நெஞ்சத்தையே பலியாக ஏற்றுக்கொள்ளும் என்று கதறினார். அந்தக் கதறலுக்குப் பிறகே மூவரும் ஒரே வாயாய்ப் பாடினர். அழுகைக்கு இடம் கொடாமல் பாட்டை மட்டும் கேட்பது விவிலியத்தின் வழியன்று.

"அம்மூவரும் பிழைத்தனர், என் பிள்ளை பிழைக்கவில்லையே" என்று ஒரு தாய் கேட்டால் என்ன சொல்வோம்? இறைமகனும் சிலுவையிலிருந்து இறக்கிவிடப்படவில்லை என்பதைத்தான் சொல்ல முடியும். இறுதி இராவுணவை முடித்து, புகழ்ப்பா பாடிவிட்டே அவர் ஒலிவ மலைக்குச் சென்றார் என மத்தேயுவும் மாற்குவும் எழுதியுள்ளனர். மறுநாள் சிலுவையிலே கைவிடப்பட்டவனின் கதறலாகிய 22-ஆம் திருப்பாடலின் முதல் அடியைச் சொல்லிக் கதறினார். முந்தின இரவு பாடிய அதே வாய்தான் மறுநாள் கதறியது. அந்தத் திருப்பாடலோ சபை நடுவே இறைவனைப் புகழ்வதில் போய் முடிகிறது. பாடிய அவரைத் தந்தை மூன்றாம் நாள் உயிர்த்தெழச் செய்தார். நமது நம்பிக்கையின் வேர் அங்கேதான் இருக்கிறது.

குலவையும் ஒப்பாரியும்

திருப்பாடல் நூலுக்கு எபிரேய மொழியில் 'தெகில்லிம்', அதாவது 'புகழ்ப்பாக்கள்' என்று பெயர். ஆனால் அதிலுள்ள 150 பாடல்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல்களே. 88-ஆம் திருப்பாடல் இருளிலேயே தொடங்கி இருளிலேயே முடிகிறது. அதையும் புகழ்ப்பாக்களின் நூலிலேதான் சேர்த்து வைத்தனர் நம் விசுவாச முன்னோர். இறைவனிடம் அழுவதும் அவரை இறைவனாக ஏற்றுக்கொள்வதுதானே!

இதனை நம் கிராமத்துத் தாய்மாருக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. திருவிழாவில் குலவையிடும் நாவுதான் இழவு வீட்டில் ஒப்பாரி வைக்கிறது. அறுவடைக் களத்திலும் திராட்சைத் தோட்டத்திலும் உழைப்போர், மகிழ்ச்சி மிகுந்து சொற்கள் போதாமற் போகவே, சொல்லை விட்டு வெறும் ஒலியாலே ஆர்ப்பரிப்பதைப் புனித அகுஸ்தினார் தம் திருப்பாடல் விளக்கவுரையிலே எடுத்துக்காட்டி, சொல்லுக்கு அடங்காத இறைவனை அவ்வாறே போற்றலாம் என்றார். நமது குலவையைக் கேட்டிருந்தால் அவர் எவ்வளவு மகிழ்ந்திருப்பார்!

ஆகவே, ஒருவருக்கு வாய் வராத நாளில் மற்றவர் அவருக்காகப் பாட வேண்டும். ஞாயிறு திருப்பலியில் நாம் ஒன்றாய்க் கூடுவதற்கு இதுவும் ஒரு காரணம். 'வானவர் கீதம்' பாடும்போது நமக்கு அருகில் வாய் திறவாமல் ஒருவர் நிற்கலாம். அவரைப் பக்தியற்றவர் என்று எண்ணிவிட வேண்டாம். அவருடைய பங்கையும் சேர்த்து நாம் உரத்துப் பாடுவோம். நாளை நமக்கு வாய் அடைக்கும்போது அவர் நமக்காகப் பாடுவார். இதுவே திருச்சபை.

பாடும் வாயும் காக்கும் கையும்

இன்னொன்றையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. நீதியில்லாத இடத்திலிருந்து எழும் பாடல்களின் இரைச்சலை இறைவன் வெறுக்கிறார் என்று ஆமோஸ் இறைவாக்கினர் ஐந்தாம் அதிகாரத்தில் முழங்குகிறார். மருந்து கலக்கும் அறையில் விதித்த எண்ணிக்கைக்கு மேல் ஆட்களை அமர்த்துவது, கலந்த மருந்தை மறுநாளைக்கு மிச்சம் வைப்பது, உரிமத்தை உள்குத்தகைக்கு விடுவது, பண்டிகை நெருங்குகிறதென்று அவசரப்படுத்துவது ஆகியவற்றால்தான் பெரும்பாலும் தீ பிறக்கிறது. ஆலை வைத்திருப்பவர், போர்மேன், தொழிலாளி ஆகிய யாராயிருந்தாலும், ஆலயத்தில் கை உயர்த்தித் துதித்துவிட்டு ஆலையில் விதியை மீறுவோமாயின், அந்தத் துதி எங்கே போய்ச் சேரும்? மனிதன் வாழ்வதிலேதான் இறைவனின் மாட்சி விளங்குகிறது என்னும் கருத்தை இரண்டாம் நூற்றாண்டிலேயே புனித இரனேயு போதித்தார். ஓர் உயிரைக் காக்கும் எச்சரிக்கையும் ஆராதனையின் ஒரு பகுதியே.

வேலையில்லாத நாளிலும் இறைவன் இறைவனே. 23-10-2018 அன்று உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புக்கும் சரவெடிக்கும் தடை விதித்தபின் வேலை குறைந்த வீடுகள் நம் பங்குகளில் உண்டு. அத்திமரம் பூக்காவிடினும் தொழுவத்தில் மாடு இல்லாவிடினும் ஆண்டவரில் மகிழ்வேன் என்று அபகூக்கு இறைவாக்கினர் உறுதி பூண்டார். அந்த உறுதி நமக்கும் வேண்டும். அதே வேளையில், அடுத்த வீட்டு அடுப்பு எரிகிறதா என்று பார்க்கும் கண்ணும் வேண்டும்.

இல்லத்தில் என் செய்வோம்?

காலையில் ஆலை வண்டி வருமுன் குடும்பமாய் நின்று சிலுவை அடையாளம் வரைந்து, ஒரு திருப்பாடலைச் சொல்லுங்கள்; இரண்டு நிமிடம் போதும். இரவுச் செபமாலைக்குப் பின், எதையும் கேளாமல், இறைவனைப் புகழ்ந்து ஒரு பாடல் பாடுங்கள். ஞாயிறு திருப்பலிக்கு முன்னதாகவே வந்து, பாடற்குழுவினரிடமே பாடலை விட்டுவிடாமல் நீங்களும் பாடுங்கள். துக்க வீட்டுக்குச் சென்றால் போதனை வேண்டாம், அருகில் அமருங்கள்.

அந்தத் தாயைப் பற்றிய செய்தியொன்றைச் சொல்லி முடிக்கிறோம். அவர் சொன்னபடியே ஞாயிறுதோறும் வந்தார்; தூணருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். பாஸ்கா இரவும் வந்தது. ஆலய முற்றத்தில் புதுத்தீ மூட்டியபோது மக்களெல்லாம் அதைச் சூழ்ந்து நின்றனர். அவர் மட்டும் இருண்ட ஆலயத்துக்குள்ளேயே இருந்துவிட்டார். தீயருகே வர அவரால் இயலவில்லை போலும். பாஸ்காத் திரியிலிருந்து ஒளி ஒவ்வொருவராய்க் கைமாறி ஆலயத்துள் வந்தது. பக்கத்து வீட்டுச் சிறுமி ஒருத்தி தன் திரியை அவரிடம் நீட்டினாள். அவர் நெடுநேரம் தயங்கினார். பிறகு தம் திரியைப் பற்றவைத்துக்கொண்டார். பாஸ்காப் புகழுரை பாடி முடியும்வரை அதை அணையாமல் கையால் மறைத்துக் காத்து நின்றார். அன்றும் அவர் வாய் திறந்து பாடவில்லை. ஆயினும் அன்று ஆலயத்தில் எழுந்த புகழ்ச்சிகளுள் ஆண்டவருக்கு மிகவும் உகந்தது எதுவென்று நம்மைக் கேட்டால், அந்தத் தூணருகே எரிந்த திரியையே காட்டுவோம்.

சூளையின் நடுவே அம்மூவரோடு உலாவியவர் நம் இல்லங்களிலும் நம்மோடு நடப்பாராக! அழுகிறவரோடு அழவும், பாட இயலாதவருக்காகப் பாடவும் அவர் நமக்கு அருள் தருவாராக!