எஞ்சின் ஆயிலில் நீர்: சாவியைத் திருப்பும் முன் சிந்திக்க வேண்டியவை

2021-ஆம் ஆண்டு நவம்பரில் பெய்த பெருமழையைத் திருப்பதி மக்கள் எளிதில் மறந்திருக்க மாட்டார்கள். சுவர்ணமுகி ஆறு கரைபுரண்டு ஓடியது. திருமலை மலைப்பாதைகளில் மண்ணும் பாறைகளும் சரிந்தன. தாழ்வான தெருக்களில் நிறுத்தப்பட்டிருந்த வாகனங்கள் பல, நீருக்குள் நின்றன. மழை ஓய்ந்து சில வாரங்கள் கழிந்த பின், சித்தூரைச் சேர்ந்த எங்கள் வாடிக்கையாளர் ஒருவர் கவலை தோய்ந்த முகத்துடன் கிளைக்கு வந்தார்.

நம் வங்கியின் கடனுதவியுடன் அவர் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியிருந்தார். மழை நாள்களில் அது திருப்பதியில் உறவினர் வீட்டு முற்றத்தில் நின்றிருந்தது. சக்கரத்தின் பாதி அளவுக்கு நீர் தேங்கியது. நீர் வடிந்ததும் உட்புறத்தைத் துடைத்து உலர்த்தினார்கள். பேட்டரி இணைப்பைக் கழற்றி வைத்திருந்ததால் யாரும் வண்டியைக் கிளப்பவில்லை. பின்னர் ஆயில் மாற்றுவதற்காக மெக்கானிக்கை வீட்டுக்கே அழைத்தார்கள். அவர் வண்டிக்கு அடியில் படுத்து வடிகால் திருகைத் திறந்தபோது முதலில் வந்தது ஆயில் அன்று, கலங்கிய நீர். அதன் பின்னரே ஆயில் இறங்கியது.

“எஞ்சின் போய்விட்டால் தவணையை எப்படி சார் கட்டுவது?” என்பதுதான் அவருடைய கேள்வி. அக்கேள்வி அவர் ஒருவருக்கு மட்டும் உரியதன்று. ஆகவே அன்று அவருக்குச் சொன்னவற்றை இங்கே விரிவாக எழுதுகிறோம்.

நீர் எங்கிருந்து வருகிறது?

ஆயிலைவிட நீர் கனமானது. வண்டி நீண்ட நேரம் அசையாமல் நின்றால் நீர் சம்பின் அடியில் தங்கும். திருகைத் திறந்ததும் அதுவே முதலில் வெளிவரும். எஞ்சின் ஓடினால் இரண்டும் கடையப்பட்டு, பால் கலந்த காப்பியின் நிறத்தை அடையும். நீர் வரும் வழிகள் பெரும்பாலும் மூன்று.

முதலாவது, எஞ்சினே உண்டாக்கும் நீர். 1 லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறத்தாழ 1 லிட்டர் நீர் ஆவியாக உருவாகிறது. அதில் பெரும்பகுதி புகைக்குழாய் வழியே வெளியேறிவிடும். சிறுபகுதி பிஸ்டன் வளையங்களைக் கடந்து கீழே இறங்கி, குளிர்ந்த உலோகத்தில் துளிகளாகப் படியும். சித்தூரிலிருந்து திருப்பதி வரை சுமார் 70 கி.மீ. ஓடும் காரில் ஆயில் நன்கு சூடாகி இந்த ஈரம் ஆவியாகிப் போகும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் 2 கி.மீ. சென்று திரும்பும் காரில் அதற்கு வாய்ப்பில்லை. ஸ்போர்ட்ஸ் கார்கள் பல இவ்வாறு அரிதாகவே ஓடுகின்றன. ஆயில் ஊற்றும் மூடியின் உட்புறத்தில் மட்டும் வெண்மையான பசை படிந்திருந்தால், பெரும்பாலும் இதுவே காரணம்.

இரண்டாவது, குளிர்விப்பு நீர். சிலிண்டர் தலைக்கும் எஞ்சின் உடலுக்கும் இடையிலுள்ள கேஸ்கட் பழுதானாலோ, ஆயிலைக் குளிர்விக்கும் கருவி உள்ளே கசிந்தாலோ, கூலன்ட் ஆயிலில் கலக்கும். மலைப்பாதையில் வெப்பமானி முள் சிவப்புக் கோட்டைத் தொட்ட பின்பும் வண்டியை விடாமல் ஓட்டுவது கேஸ்கட் பழுதாவதற்கு ஒரு முக்கியக் காரணம். கூலன்ட் அளவு காரணமின்றிக் குறைதல், புகைக்குழாயில் ஓயாத வெண்புகை, கூலன்ட் தொட்டியில் குமிழிகள் ஆகியவை இதன் அடையாளங்கள்.

மூன்றாவது, வெளிநீர். எஞ்சினின் சுவாசக் குழாய், ஆயில் அளவுகோலின் குழாய், தேய்ந்த சீல்கள் ஆகியவற்றின் வழியே வெள்ளநீர் புகும். ஸ்போர்ட்ஸ் கார் தரையை ஒட்டி அமைந்திருப்பதால், மற்றக் கார்களின் சக்கரத்தை மட்டும் நனைக்கும் நீர் இதன் எஞ்சினையே எட்டிவிடக்கூடும். கூலன்ட் அளவு குறையாமல், அளவுகோலில் ஆயில் மட்டும் வழக்கத்தைவிட உயர்ந்து காணப்பட்டால் வெளிநீரையே ஐயுற வேண்டும். எங்கள் வாடிக்கையாளரின் கார் இவ்வகையைச் சேர்ந்தது.

ஏன் அஞ்ச வேண்டும்?

சுழலும் தண்டுக்கும் பேரிங்குக்கும் இடையே மெல்லிய ஆயில் படலம் இருக்கிறது. உலோகத்தை உலோகம் உரசாமல் காப்பது அதுவே. நீர் கலந்த ஆயிலால் அப்படலத்தைத் தாங்கிநிற்க இயலாது. சில நிமிட ஓட்டத்திலேயே பேரிங்குகள் கீறப்படலாம். டர்போ பொருத்திய எஞ்சினில் இடர் இன்னும் அதிகம்.

சிலிண்டருக்குள் நீர் புகுந்திருந்தால் நிலைமை மேலும் கடுமையாகும். காற்றைப் போல நீரை அழுத்திச் சுருக்க முடியாது. சாவியைத் திருப்பிய நொடியில் பிஸ்டன் நீரின் மீது மோத, இணைப்புத் தண்டு வளைந்துவிடும். வெள்ளம் செய்யாத சேதத்தை நம் கை செய்துவிடும்.

செய்ய வேண்டியவை

ஐயம் எழுந்தால் வண்டியைக் கிளப்பாதீர்கள். தள்ளியும் கிளப்ப முயலாதீர்கள். பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். இழுவை வண்டியின் உதவியோடு பணிமனைக்குக் கொண்டு செல்லுங்கள். வடித்த ஆயிலை ஒரு சுத்தமான கேனில் மூடி வையுங்கள், படமும் எடுத்துக்கொள்ளுங்கள். மெக்கானிக் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, சிலிண்டர்களில் நீர் இல்லை என்பதை உறுதி செய்யட்டும். கூலன்ட் கசிவு ஐயமிருந்தால் குளிர்விப்பு அமைப்பை அழுத்தச் சோதனைக்கு உட்படுத்தச் சொல்லுங்கள். காரணம் தெரியாமல் புதிய ஆயிலை மட்டும் ஊற்றுவது, ஒழுகும் கூரையின் கீழ் பாயை மாற்றி விரிப்பதற்கு ஒப்பாகும்.

காப்பீடு என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம், 1988 கட்டாயமாக்குவது மூன்றாம் நபர் காப்பீட்டை மட்டுமே. அதனால் உங்கள் காருக்கு நேரும் சேதம் ஈடுசெய்யப்படாது. முழுமைக் காப்பீட்டில் வெள்ளமும் புயலும் அடங்கும். ஆனால் தேய்மானம், இயந்திரக் கோளாறு, தொடர்விளைவு இழப்பு ஆகியவை அதில் விலக்கப்பட்டுள்ளன. பழுதைச் சரிசெய்யாமல் வண்டியை ஓட்டி, அதனால் சேதம் பெருகினால், பெருகிய பகுதி உரிமையாளரின் பொறுப்பு என்பதும் பாலிசியின் நிபந்தனை. நீரில் நின்ற காரைக் கிளப்பிப் பார்ப்பதால் கோரிக்கைகள் சிக்கலாவது இங்கேதான். எஞ்சின் பாதுகாப்புக்கெனத் தனிக் கூடுதல் காப்பீடு உண்டு; அதன் விதிகள் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடுவதால், கையொப்பமிடும் முன் படித்துப் பாருங்கள்.

பழுதுபார்க்கும் செலவு, காருக்குப் பாலிசியில் குறித்துள்ள மதிப்பில் 75 விழுக்காட்டைத் தாண்டினால், அது முழு இழப்பாகக் கருதப்படும். கடன் நிலுவை உள்ள காராயின், அத்தொகை முதலில் கடன் கணக்குக்கே வரும். குறித்த மதிப்பு நிலுவையைவிடக் குறைவாயின், எஞ்சிய தொகையை நீங்களே செலுத்த வேண்டும். கார் ஓடாவிட்டாலும் தவணை நிற்பதில்லை. எனவே ஆண்டுதோறும் பாலிசியைப் புதுப்பிக்கும்போது இரண்டு எண்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

சேதம் தெரிந்தவுடன் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்து மூலம் தெரிவியுங்கள். அதன் மதிப்பீட்டாளர் பார்க்கும் முன் எஞ்சினைப் பிரிக்காதீர்கள். நிறுவனத்திடம் அளித்த புகாருக்கு ஒரு மாதத்தில் நிறைவான பதில் கிடைக்காவிடில், காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை அணுகலாம். ஆந்திரப் பிரதேசத்துக்கு உரிய அலுவலகம் ஐதராபாத்தில் உள்ளது. இதற்குக் கட்டணம் இல்லை.

எஞ்சினைவிட உயிர் பெரிது என்பதையும் சொல்லியாக வேண்டும். 2021 அக்டோபரில் திருப்பதியில் நீர் நிறைந்த ரயில்வே சுரங்கப்பாதையில் வாகனம் சிக்கியதால் பெண் ஒருவர் உயிரிழந்தார். ஆழம் தெரியாத நீரில் எந்தக் காரையும் இறக்காதீர்கள்.

எங்கள் வாடிக்கையாளரின் மெக்கானிக், வண்டியைக் கிளப்ப மறுத்துவிட்டார். சிலிண்டர்களில் நீர் இல்லை. மதிப்பீட்டாளர் பார்த்த பின், புது ஆயில் ஊற்றிச் சிறிது நேரம் ஓட்டி வடிக்கும் வேலை இருமுறை நடந்தது, வடிகட்டியும் மாற்றப்பட்டது. மூன்றாம் முறை ஊற்றிய ஆயில் தெளிவாகவே இருந்தது. செலவு ஆயிரங்களோடு நின்றது, இலட்சங்களைத் தொடவில்லை. அடுத்த மாதத் தவணையும் உரிய நாளில் வந்து சேர்ந்தது.