நீருக்குள் குறிபார்த்தல்: ஈட்டியும் ஒளியும்

நீருக்கு வெளியே இருப்பவர் நீருக்குள் இருக்கும் மீனை ஈட்டியால் குத்த முயலும்போது, மீனின் வேகத்துக்கு முன்பாகவே ஒளியின் போக்கு அவருக்குத் தடையாகிறது. நீரிலிருந்து காற்றுக்குள் வரும் ஒளிக்கதிர் இரண்டும் சந்திக்கும் பரப்பில் திசை மாறுகிறது. இதையே ஒளிவிலகல் என்கிறோம். நீரின் ஒளிவிலகல் எண் சுமார் 1.33 என்பதால், 2 மீட்டர் ஆழத்தில் உள்ள மீன் நேர் மேலிருந்து பார்ப்பவருக்கு ஏறத்தாழ 1.5 மீட்டர் ஆழத்திலேயே தென்படும். சாய்வாகப் பார்த்தால் அது மேலும் உயர்ந்து தோன்றும். ஆகவே, சாய்வாக எறிபவர் கண்ணுக்குத் தெரியும் மீனுக்குக் கீழே குறிவைத்தாக வேண்டும்.

காரைக்கால் பகுதியின் கிளிஞ்சல்மேடு போன்ற கடற்கரை ஊர்களில் இன்று வலையும் ஃபைபர் படகுமே மீன்பிடித் தொழிலைத் தாங்கி நிற்கின்றன. ஆனால், வளைந்த திமிலில் சென்ற பரதவர், உலர்ந்த மூங்கில் தண்டில் பொருத்திய கூரிய எறியுளியைப் பெருமீன் மீது வீசியதைக் குறுந்தொகையின் 304ஆம் பாடல் காட்டுகிறது. அலையில் ஆடும் படகிலிருந்து எறியும் கைக்கு, ஒளிவிலகலின் கணக்கு விதியாக எழுதப்படாமல் பயிற்சியாகவே படிந்திருக்க வேண்டும். கரைக் கொக்கும் இந்தக் கணக்கை அறிந்தே இரையைக் கொத்துகிறது என்பதை, மீனின் தோற்ற ஆழத்துக்கும் உண்மை ஆழத்துக்கும் உள்ள தொடர்பை அளந்து, காட்சிர், இன்ட்ரேட்டர் ஆகிய ஆய்வாளர்கள் 1987இல் விளக்கினர்.

இதே சிக்கலுக்கு முற்றிலும் வேறான தீர்வு, ஏரிகள் உறைந்துபோகும் வட அமெரிக்காவில் உருவானது. நீர் சுமார் 4 டிகிரி செல்சியஸில்தான் மிகுந்த அடர்த்தி பெறுகிறது என்பதால், அதைவிடக் குளிர்ந்த நீர் மேலே தங்கி உறைய, அடியில் உயிர் வாழத் தக்க நீர் எஞ்சுகிறது. அங்கே, கடுங்குளிரிலும் சுறுசுறுப்பாக இரைதேடும் நார்தர்ன் பைக் என்னும் நன்னீர் மீன், செடிகளிடையே அசையாமல் காத்திருந்து பாயும் வேட்டை மீனாக வாழ்கிறது. ஒஜிப்வே பழங்குடியினர் பனிக்கட்டியில் துளையிட்டு, அதன் மேல் படுத்துப் போர்வையால் தலையை மூடிக்கொண்டு இம்மீனை ஈட்டியால் குத்தினர். மின்னசோட்டா மாநிலத்தில் இன்று அந்தப் போர்வையின் இடத்தைச் சன்னலற்ற இருட்டுக் குடில் பிடித்திருக்கிறது.

இருட்டுக்குக் காரணம் உண்டு. குடிலுக்குள் வெளிச்சம் இல்லாததால் நீர்ப்பரப்பில் எதிரொளி எழுவதில்லை. சுற்றிலும் உள்ள பனிக்கட்டியின் வழியே இறங்கும் பகலொளி நீரை ஒளிரச் செய்ய, மேலிருப்பவருக்கு மீன் தெளிவாகத் தெரிகிறது, மீனுக்கோ அவர் தெரிவதில்லை. மரத்தில் செதுக்கி, தகரத் துடுப்பும் ஈய எடையும் பொருத்திய பொய்மீனைக் கயிற்றில் ஆட்டினால் அது வட்டமிட்டு நீந்தும். பார்வையாலும், நீரதிர்வை உணரும் பக்கக்கோட்டு உறுப்பாலும் அதைக் கண்டுகொண்டு பைக் நெருங்கி வரும். பல முட்களுடைய கனத்த ஈட்டியின் முனையை முன்கூட்டியே நீருக்குள் இறக்கிவைப்பதால் தெறிப்பொலி எழுவதில்லை. செங்குத்தாகப் பார்ப்பதால் மீனின் இடம் பக்கவாட்டில் விலகித் தோன்றுவதுமில்லை. பரதவர் எறிகோணத்தில் செய்த திருத்தத்தை, பனிக்கட்டி வேட்டைக்காரர் நிற்கும் இடத்தைத் தேர்ந்துகொள்வதன் மூலம் தவிர்த்துவிடுகிறார்.

வலையைப் போலன்றி, எந்த மீனை எடுப்பது என்று குத்துவதற்கு முன்பே முடிவுசெய்ய ஈட்டி இடம் தருகிறது; ஆயினும் குத்திய மீனை உயிருடன் திரும்ப விட இயலாது. பெரிய பைக் மீன்களில் பெரும்பாலானவை முட்டையிடும் பெண் மீன்கள் என்பதால், அளவைக் கண்ணால் மதிப்பிட்டு ஒதுங்குவதும் இக்கலையின் பகுதியாகிறது. மின்னசோட்டா 2018 முதல் மாநிலத்தை மூன்று மண்டலங்களாகப் பிரித்து இம்மீன்பிடிப்புக்குத் தனித்தனி விதிகளை வகுத்துள்ளது.

நம் கடலுக்கும் இந்தப் பாடம் உரியது. குறுந்தொகைப் பாடல் கொம்புடையதாகக் குறிப்பிடும் பெருமீன், ரம்பம் போன்ற நீண்ட மூக்குடைய வேளாமீனாக இருந்திருக்கலாம். அந்த மூக்கின் பற்கள் வலையில் எளிதில் சிக்கிக்கொள்வதால் வேளாமீன் இன்று மிக அரிதாகிவிட்டது. இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணை அதைக் காக்கிறது. வலைக்கு மீனைத் தேர்ந்தெடுக்கத் தெரியாது என்பதால், அந்தப் பொறுப்பு வலையை இழுக்கும் கைகளுக்கே உரியது. உயிருடன் சிக்கும் வேளாமீனை, வலையை அறுத்தேனும், மீண்டும் கடலில் விட வேண்டும்.