சம்மாட்டி விளையாட்டு: முதல் வள்ளம் வாங்குமுன்

என் தம்பியின் மகனுக்குப் பன்னிரண்டு வயது. மொன்ட்ரியால்-நோரில், ஒன்ரி-புராஸா வீதிக்குப் பின்னால் ஒரு மூன்றாம் மாடி வீட்டில் இருந்துகொண்டு 43 வள்ளங்களை வைத்துத் தொழில் நடத்துகிறான். வள்ளம் எல்லாம் போனுக்குள். மாசி மாதம், ஜன்னலுக்கு வெளியே பனி குவிந்து கிடக்கும். பக்கத்து ரிவியேர் தே பிரேரி ஆறு கரையோரம் உறைந்திருக்கும். இவனுடைய கடலில் மட்டும் எந்நேரமும் வெயில், எந்நேரமும் மீன்.

"பெரியப்பா, நீங்களும் ஒண்டு தொடங்குங்கோ" என்று என் போனை வாங்கித் தானே கேமை இறக்கித் தந்தான். முதல் நாளே எனக்கு நட்டம். ஏன் என்று விளங்க மூன்று நாள் எடுத்தது. புதிதாகத் தொடங்குகிறவருக்கு அந்த மூன்று நாள் மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். பிள்ளையின் திரையை எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் பிடிபடாமல் திரும்புகிற தாய் தகப்பனுக்கும் உதவும்.

இந்த வகைக் கேமுக்கு டைக்கூன் என்று பெயர். சொல் ஜப்பானில் இருந்து வந்தது. அங்கே ஷோகுனை வெளிநாட்டாருக்கு அறிமுகப்படுத்தச் சொன்ன பட்டம், ஆங்கிலத்துக்குள் போனதும் பெருமுதலாளி என்று ஆகிவிட்டது. 1990இல் சிட் மையர் ரெயில்ரோட் டைக்கூன் என்ற கேமைக் கொண்டுவந்தார். அவர் பிறந்த ஊர் ஒன்டாரியோவின் சார்னியா, ஆகவே நம் கனடாக்காரர் என்று சொல்லிக்கொள்ளலாம். அதன்பின் பூங்கா, சுரங்கம், எலுமிச்சைத் தண்ணீர்க் கடை என்று எதையெடுத்தாலும் டைக்கூன்தான். மீன்பிடித் தொழிலுக்கும் அந்த முறை வந்தது.

நம் கடற்கரையில் இதற்குச் சொல் முன்பே உண்டு: சம்மாட்டி. வலையும் வள்ளமும் அவருடையவை. ஆட்களைத் தொழிலுக்கு விடுவார், கரையில் நின்று கணக்குப் பார்ப்பார், பங்கு பிரிப்பார். இழுவையில் அவருடைய கை படவேண்டும் என்றில்லை. இந்த விளையாட்டும் அப்படித்தான். தூண்டில் போடும் சாமர்த்தியத்தை இங்கே யாரும் கேட்கவில்லை; கணக்குப் பார்க்கத் தெரியுமா என்றுதான் கேட்கிறார்கள்.

தொடங்கும்போது உங்களிடம் ஒரு ஆள், ஒரு தூண்டில், ஒரு இறங்குதுறை இருக்கும். விரலால் திரையைத் தட்டினால் ஒரு மீன் ஏறும், விற்றால் காசு. பத்து நிமிடத்துக்குள் முதல் வள்ளத்தை வாங்கிவிடுவீர்கள். இவ்வளவு வேகமாகக் கொடுப்பது சும்மா அல்ல. முதல் பத்து நிமிடத்தில் கை நிறையக் கொடுத்தால்தான் நாளைக்கும் திறந்து பார்ப்போம் என்பது செய்தவர்களுக்குத் தெரியும். அந்த வேகம் நிலைக்கும் என்று நினைத்துக் காசை இறைக்கவேண்டாம்.

முதலில் கையில் சேரும் காசுக்கு ஒரு மேலாளரை எடுங்கள். கேமுக்குக் கேம் பெயர் மாறும். கரைவலைக்கு மண்டாடி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் இல்லாவிட்டால் நீங்கள் தட்டாத நேரம் வள்ளம் கரையில் சும்மா நிற்கும். அவர் வந்துவிட்டால் நீங்கள் சோறு சமைத்துச் சாப்பிட்டு வரும்வரை தொழில் ஓடும். இரண்டாவது வள்ளத்தைவிட முதல் மண்டாடி பெரிது.

இனி என் நட்டக் கதை. மண்டாடியை எடுத்தபின் வந்த காசையெல்லாம் வள்ளத்தில் போட்டேன். வள்ளம் கூடினால் மீன் கூடும், மீன் கூடினால் காசு கூடும் என்பது என் கணக்கு. அன்று மாலை வரைக்கும் வருமானம் ஒரு சதமும் ஏறவில்லை. பெறாமகன் வந்து திரையைப் பார்த்தான். இறங்குதுறையில் மீன் கூரைமட்டம் குவிந்து கிடந்தது, மேலே ஒரு சிவப்பு அடையாளம் துடித்துக்கொண்டிருந்தது. நான் அதை ஏதோ பரிசு என்று நினைத்திருந்தேன்.

"லொறியைப் பாருங்கோ பெரியப்பா. லொறி காணாது. வள்ளத்தை வாங்கி வாங்கி என்ன செய்யிறது?"

இதுதான் இந்த வகைக் கேம் பலவற்றின் உள் இயந்திரம். மீன் பிடிபட வேண்டும், ஏற்றிப் போகவேண்டும், விற்கவேண்டும். மூன்று கண்ணி கொண்ட சங்கிலி. வள்ளங்கள் நிமிடத்துக்கு 60 மீன் கொண்டுவருகின்றன, லொறி 40 ஏற்றுகிறது, சந்தைக் கடை 90 விற்கக்கூடியது என்று வையுங்கள். உங்கள் வருமானம் 40 மீனுக்குத்தான். வள்ளத்தை 120 ஆக்கினாலும் 40, கடையை 200 ஆக்கினாலும் 40. லொறியை 60க்கு உயர்த்திய அந்த நிமிடமே வருமானம் ஒன்றரை மடங்கு. அதற்குப் பிறகு முட்டுக்கட்டை வள்ளத்துக்கு மாறும், கொஞ்ச நேரத்தில் கடைக்கு மாறும். எங்கே குவிகிறது, எங்கே ஆள் சும்மா நிற்கிறார் என்று பார்த்துவிட்டுக் காசைப் போடுங்கள். ஊரில் ஐஸ் வராத நாளில் கரை நிறைய மீன் இருந்தும் சம்மாட்டியின் முகம் கறுத்திருப்பதைப் பார்த்தவர்களுக்கு இதை நான் சொல்லவே தேவையில்லை.

அடுத்தது விலை. கடையில் தக்காளி கூட வாங்கினால் விலை குறைத்துத் தருவார்கள். இங்கே தலைகீழ்: ஒரே பொருளைத் திரும்ப வாங்க வாங்க விலை ஏறும், அதுவும் பெருக்கலில் ஏறும். 2013இல் ஜூலியன் தியென்னோ என்ற பிரெஞ்சுக்காரர் செய்த குக்கி கிளிக்கரில் ஒவ்வொரு முறையும் 15 வீதம் கூடும். அதன்பின் வந்த பல கேம்களும் இதைப்போல ஒரு பெருக்கத்தையே வைத்திருக்கின்றன. அந்த 15 வீதத்தையே மீன் தொழிலுக்குப் போட்டுப் பார்ப்போம். முதல் வள்ளம் 100 காசு. ஒரு வள்ளம் விநாடிக்கு 1 காசு உழைக்கிறது. முதல் வள்ளத்தின் விலையை அது 100 விநாடியில், இரண்டு நிமிடத்துக்குள் மீட்டுத் தந்துவிடும். 21வது வள்ளத்தின் விலை ஏறக்குறைய 1,637 காசு. அது தன் விலையை உழைக்க 27 நிமிடம். 51வது வள்ளத்தின் விலை 1,08,366 காசு. அது தன் விலையை மீட்க 30 மணித்தியாலம். வள்ளம் அதேதான், பிடிக்கும் மீனும் அதேதான்.

ஆகையால் எதை வாங்குமுன்னும் ஒரே ஒரு வகுத்தல் போடுங்கள்: விலையை, அது கூடுதலாக உழைக்கும் விநாடிக் காசால் வகுங்கள். விடை குறைவாக உள்ளதை முதலில் வாங்குங்கள். என் பெறாமகன் இதை மனதுக்குள்ளேயே போடுகிறான். கணக்கு வீட்டுப்பாடத்தில் வகுத்தல் கடினம் என்று முறையிடுபவனும் இவன்தான்.

போனை மூடி வைத்திருக்கும்போதும் காசு சேரும். ஆனால் பல கேம்களில் அதற்கு ஓர் உச்சவரம்பு உண்டு. இரண்டு மணித்தியாலம், நான்கு மணித்தியாலம் என்று. அதற்குமேல் வள்ளம் சும்மா நிற்கும். காலை பஸ்ஸில் ஒருமுறை, மதியம் ஒருமுறை, படுக்குமுன் ஒருமுறை உங்களை வரவைக்கும் கயிறு இந்த வரம்புதான். என் வழக்கம், இந்த வரம்பை நீட்டும் மேம்படுத்தலைக் கொஞ்சம் முன்கூட்டியே வாங்கிவிடுவது. இரவு முழுக்கத் தொழில் ஓடினால் போனை அடிக்கடி தொடத் தேவையில்லை. அதோடு அறிவிப்புகளையும் நிறுத்திவிட்டேன். "உங்கள் மீன் பழுதாகிறது!" என்று வேலைநேரத்தில் போன் அழைத்தால் எந்த மேலாளர் பொறுப்பார்?

கொஞ்ச நாளில் எல்லாம் மந்தமாகும். அடுத்த பொருளுக்கு அரை நாள் காத்திருக்க வேண்டிவரும். அப்போது கேம் ஒன்று கேட்கும்: எல்லாவற்றையும் விற்றுவிட்டுப் புதுத் துறைமுகத்தில் முதலில் இருந்து தொடங்குகிறீர்களா? தொடங்கினால் இனி வரும் வருமானம் எல்லாம் இத்தனை மடங்கு. புதியவர்கள் பயப்படும் இடம் இது. வள்ளத்தை எல்லாம் விடுவதா என்று நான் ஒரு கிழமை இழுத்தடித்தேன். விடத்தான் வேண்டும். தருகிற பெருக்கம் இரண்டு மடங்கையாவது எட்டியதும் விட்டுவிடுங்கள். பழைய இடத்துக்கு முன்பைவிட மிக விரைவில் வந்துசேர்வீர்கள். ஒன்றேகால் மடங்குக்கு அவசரப்பட வேண்டாம்.

கியூபெக்கில் போனின் மொழி பிரெஞ்சு என்றால் கேமும் பெரும்பாலும் பிரெஞ்சில் திறக்கும். "அமெலியோரே" என்று ஒரு பொத்தான் இருந்தால் அது மேம்படுத்தல். "அஷ்தே" என்றால் வாங்கு. இரண்டாவது சொல்லைப் பார்த்தால் விரலைக் கொஞ்சம் பின்னால் எடுங்கள். அது கேம் காசா, உண்மைக் காசா என்று பார்க்கவேண்டிய இடம்.

உண்மைக் காசு வைரமாக மாறித்தான் உள்ளே வரும். 6.99 டொலருக்கு 500 வைரம் என்பார்கள்; நீங்கள் ஆசைப்படும் வலை 600 வைரமாக இருக்கும். ஆகவே இன்னொரு பொதி வாங்கவேண்டும், கையில் 400 மிஞ்சும், அந்த மிச்சம் அடுத்த பொதிக்குக் கூப்பிடும். இதில் தவறிவிழாமல் இருக்க ஒரு வழிதான்: வைரத்தை மறந்து டொலரில் நினைப்பது. அந்தக் கணக்கில் வலையின் விலை ஏறக்குறைய எட்டரை டொலர். இங்கே சமஷ்டி வரி 5 வீதம், கியூபெக் வரி 9.975 வீதம், திரையில் வரிக்கு முந்திய விலை என்றால் 6.99 உங்கள் அட்டையில் 8.04 ஆகத்தான் வந்து நிற்கும். என் அட்டையில் ஒருமுறை அப்படி வந்து நின்றது. யார் வாங்கினார் என்று கேட்டேன். வீட்டில் கொஞ்ச நேரம் ஒரே அமைதி.

பிள்ளை அறியாமல் செய்வது நம் வீட்டு விஷயம் மட்டுமல்ல. கடவுச்சொல்லை ஒருமுறை போட்டபின் 15 நிமிடம்வரை பிள்ளைகள் கேட்காமலே வாங்கக்கூடியதாக இருந்ததற்காக, 2014இல் ஆப்பிள் நிறுவனம் அமெரிக்க வர்த்தக ஆணையத்துடனான உடன்பாட்டில் குறைந்தது 3 கோடியே 25 லட்சம் டொலரைத் திருப்பிக் கொடுக்க ஒத்துக்கொண்டது. கியூபெக்கில் ஃபோர்ட்நைட் பிள்ளைகளை அடிமையாக்குகிறது என்று சில பெற்றோர் தொடுத்த கூட்டு வழக்கை நடத்த 2022 டிசம்பரில் இங்குள்ள உயர் நீதிமன்றம் அனுமதி கொடுத்தது. 14 வயதுக்குக் குறைந்த பிள்ளையின் தனிப்பட்ட தகவலைச் சேர்க்கத் தாய் தகப்பனின் சம்மதம் வேண்டும் என்பதும் இந்த மாகாணச் சட்டம். கணக்குத் திறக்கும்போது பிள்ளை போடும் பிறந்த ஆண்டைப் பக்கத்தில் இருந்து பாருங்கள். என் பெறாமகன் 1990இல் பிறந்ததாக எங்கோ பதிந்து வைத்திருந்தான்.

ஐபோனில் ஸ்க்ரீன் டைம் என்ற பகுதிக்குள் கொள்முதலை முழுதாக மூடலாம். ஆண்ட்ராய்டில் பிளே ஸ்டோர் அமைப்புக்குள் போய் ஒவ்வொரு கொள்முதலுக்கும் கடவுச்சொல் கேட்கும்படி வைக்கலாம். ஐந்து நிமிட வேலை, கேமைக் கொடுக்குமுன் செய்யவேண்டிய வேலை. விளம்பரம் பார்த்தால் இரட்டிப்பு என்ற சலுகை வேறு. அதற்குக் காசு போகாது, அரை நிமிடம் போகும். நான் காலையில் ஒன்று பார்ப்பேன், அதற்குமேல் இல்லை.

இந்தக் கேமில் எனக்கு ஒரே ஒரு குறை. மீன் முடியாது. ஆயிரம் வள்ளம் விட்டாலும் கடல் அப்படியே இருக்கும். நியூஃபவுண்ட்லாந்தில் காட் மீனை அள்ளி அள்ளி, கடைசியில் 1992 ஜூலை 2ஆம் திகதி மத்திய அமைச்சர் ஜான் கிராஸ்பி தொழிலை நிறுத்தவேண்டி வந்தது. ஏறக்குறைய 30,000 பேருக்கு வேலை போனது. தடையை முடித்துக்கொள்வதாக அரசு அறிவித்தது 2024 ஜூனில், 32 வருடம் கழித்து. பாக்கு நீரிணையில் அடிமடி இழுவைப் படகுகள் கடலின் தரையையே வாரிப்போவதைப் பற்றி யாழ்ப்பாணக் கரையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இலங்கை அந்த முறையை 2017இல் சட்டத்தால் தடைசெய்தது. கடல் வெறுமையாகும் ஒரு கட்டத்தைக் கேமில் வைத்திருந்தால் விளையாட்டு இன்னும் சுவையாக இருந்திருக்கும். வைரம் விற்பதுதான் கஷ்டமாகியிருக்கும்.

போனுக்கு வெளியே மீன் பிடிக்கவும் வழி உண்டு: ஆனி மாதத் தொடக்கத்தில் கியூபெக்கில் ஒரு வாரஇறுதி, அனுமதிப்பத்திரம் இல்லாமலே யாரும் மீன் பிடிக்கலாம். மற்ற நாட்களில் பெரியவருக்குப் பத்திரம் வேண்டும். எங்கள் ஆறு எட்டாம் மீன்பிடி வலயம். எந்த மீனை எந்தக் காலத்தில், எத்தனை, எவ்வளவு நீளம் என்பதெல்லாம் அந்த வலய விதியில் இருக்கும். போன வருடம் அந்த வாரஇறுதியில் அவனைக் கூட்டிக்கொண்டு கூவேன் வீதியோரம் ஆற்றங்கரைப் பூங்காவுக்குப் போனேன். மேலே கொஞ்சத் தூரத்தில் 1929 முதல் மின்சாரம் எடுக்கிற அணை. இரண்டு மணித்தியாலத்தில் ஒரு சிறு பேர்ச் மீன் அகப்பட்டது, உள்ளங்கை நீளம்கூட இல்லை. கொக்கியைக் கழற்றித் தண்ணீரில் விட்டோம். அவன் கையை மோந்து பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தான்.

கேம் அலுத்துவிட்டால் ஒன்று கவனியுங்கள். விளம்பரம் இல்லாமல் விளையாட மாதச் சந்தா கட்டியிருந்தால், கேமைப் போனில் இருந்து அழிப்பதால் சந்தா நிற்காது. ஆப் ஸ்டோர் அல்லது பிளே ஸ்டோர் கணக்குக்குள் போய் சந்தாவைத் தனியே ரத்துச் செய்யவேண்டும். நான் இன்னும் அழிக்கவில்லை. இப்போது 31 வள்ளம், லொறி போதுமானது, கடைதான் கொஞ்சம் திணறுகிறது.