குஞ்சு பொரித்தால் மட்டும் வெற்றியா?

பாம்பைக் கூண்டில் வைத்துக் குஞ்சு எடுப்பது அரிய வித்தை என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். பந்து மலைப்பாம்பு விஷயத்தில் அது சரியல்ல. மேற்கு, மத்திய ஆப்பிரிக்கப் புல்வெளிகளில் வாழும் இந்தப் பாம்பு பயந்தால் தலையை உள்ளே ஒளித்துக்கொண்டு பந்தாகச் சுருண்டுவிடும். விஷம் கிடையாது, ஐந்தடிக்கு மேல் வளர்வதும் அபூர்வம். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வீட்டில் வளர்க்கப்படும் பாம்புகளில் இது முன்வரிசையில் நிற்கிறது. பின்னறையில் பிளாஸ்டிக் இழுப்பறைகளை அடுக்கிவைத்து நூற்றுக்கணக்கில் குஞ்சு எடுப்பவர்கள் அங்கே உண்டு. இதன் தொழில்நுட்பம் எப்போதோ கைவந்துவிட்டது. எதை வெற்றி என்று கணக்கில் எழுதுவது என்பதில்தான் கோளாறு. முட்டையை எண்ணுகிறார்கள், புது நிறத்தை எண்ணுகிறார்கள். பிறந்த குஞ்சு தன் தலையை நேராக வைத்திருக்கிறதா என்பது அந்தக் கணக்கில் வருவதில்லை.

முதலில் அந்தக் கைப்பக்குவத்தைப் பார்த்துவிடுவோம். பெண் பாம்புக்கு ஏறக்குறைய 3 வயதாகி, எடையும் 1,500 கிராமைத் தொட்ட பிறகே ஜோடி சேர்ப்பது வழக்கம். கூண்டின் இரவு வெப்பத்தைச் சில டிகிரி குறைத்தால், ஊரில் குளிர்காலம் வந்துவிட்டதுபோல் உடம்பு இணைசேரத் தயாராகும். ஓர் ஈட்டில் பெரும்பாலும் ஆறு முட்டைகள் கிடைக்கும். தாய் அவற்றைச் சுற்றிப் படுத்து அடைகாக்கும் குணமுள்ளது என்றாலும், வளர்ப்பவர்கள் முட்டைகளை எடுத்து, ஈரப்படுத்திய வெர்மிகுலைட் நிரப்பிய பெட்டியில் 31, 32 டிகிரி செல்சியஸில் வைத்துவிடுகிறார்கள். கோழி முட்டையைப் புரட்டுவதுபோல் இதைப் புரட்டக் கூடாது. கரு ஓட்டின் மேல்பக்கமாக ஒட்டி வளர்வதால், இடம் மாறினால் செத்துப்போகலாம். அதற்காகவே எடுக்கும்போது உச்சியில் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பார்கள். இருட்டில் டார்ச் அடித்துப் பார்த்தால் நல்ல முட்டைக்குள் சிவப்பு ரத்தநாளங்கள் வலைபோல் ஓடுவது தெரியும். 55 முதல் 60 நாளில் குஞ்சு முட்டைப்பல்லால் தோல்போன்ற ஓட்டைக் கீறி மூக்கை நீட்டும். மிச்ச மஞ்சள் கருவை உடம்புக்குள் இழுத்துக்கொள்ளும்வரை ஓரிரு நாள் அப்படியே கிடந்துவிட்டுத்தான் வெளியே வரும். நல்ல தெர்மோஸ்டாட்டும் கொஞ்சம் பொறுமையும் இருப்பவருக்கு இவ்வளவும் எட்டக்கூடியதே.

இந்தத் தொழிலில் பணம் புரள ஆரம்பித்தது நிறத்தால். 1992-இல் பாப் கிளார்க் என்ற அமெரிக்கர் கூண்டிலேயே அல்பினோ குஞ்சுகளைப் பொரிக்கவைத்துக் காட்டினார். நிறமும் கோலமும் மரபுவழி வருகிறது, விலையும் கூடவே வருகிறது என்பது புரிந்ததும் ஆளாளுக்குப் புதுப்புது 'மார்ஃப்', அதாவது நிற வகை, தேடிப் புறப்பட்டார்கள். 1999-இல் சந்தைக்கு அறிமுகமான ஸ்பைடர் அவற்றில் ஒன்று. பொன்னிற உடலில் சிலந்தி வலை இழைபோல் மெல்லிய கறுப்புக் கோடுகள், பார்க்க அழகுதான். தாய் தந்தையில் ஒன்று ஸ்பைடராக இருந்தால் போதும், சராசரியாகப் பாதிக் குஞ்சுகள் ஸ்பைடராகப் பிறக்கும். வியாபாரிக்கு இதைவிட வசதியான மரபணு வேறெது? ஆனால் அந்தக் கோலத்தோடு ஒரு தள்ளாட்டமும் சேர்ந்தே பிறக்கிறது. தலை நடுங்கும், சில சமயம் திருகிக்கொண்டு மேல்நோக்கிப் போகும். எலியைக் கொத்தப் பாய்ந்தால் குறி தவறும். மல்லாந்துவிட்டால் சட்டென்று புரளத் தெரியாது. ஒன்றில் லேசாகவும் இன்னொன்றில் கடுமையாகவும் இருக்கும். 2022-இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் மைக்ரோ சி.டி. ஸ்கேன் மூலம் ஸ்பைடர் பாம்புகளின் உட்செவியைப் பார்த்தபோது, சமநிலையைக் காக்கும் அரைவட்டக் குழாய்களும் அவற்றை அடுத்துள்ள பையும் உருக்குலைந்திருந்தன. ஆராய்ந்தவை சில பாம்புகளே என்றாலும், வளர்ப்பவர்கள் இருபது ஆண்டுகளாகக் கண்ணால் கண்டதற்கு உடலுக்குள் ஒரு காரணம் கிடைத்துவிட்டது.

இதற்குச் சொல்லப்படும் மறுப்பு எல்லாருக்கும் பழக்கமானது: ஸ்பைடர் நன்றாகத் தின்கிறது, முட்டையிடுகிறது, பல ஆண்டு வாழ்கிறது, பிறகென்ன குறை? கையால் இரை ஊட்டி, கொத்தினாலும் தவறினாலும் எதிரியே இல்லாத பெட்டியில் வைத்திருந்தால் வாழத்தான் செய்யும். வலித்தால் கத்துகிற பிராணியும் அல்ல பாம்பு. அது தின்பதை மட்டும் வைத்து சுகமாக இருக்கிறது என்று தீர்ப்பெழுத முடியாது. நல்ல ஜோடியாகப் பார்த்துச் சேர்த்தால் தள்ளாட்டம் குறையும் என்றும் சொன்னார்கள். இத்தனை தலைமுறை கழிந்தும் கோலத்தையும் கோளாறையும் யாராலும் பிரிக்க முடியவில்லை. மூச்சுவிடத் திணறும் பக் நாயை வளர்க்கிறார்களே என்று கேட்பவர்களும் உண்டு. ஒரு தவறுக்கு இன்னொரு தவறு சாட்சி சொல்ல வருவதுபோல் இருக்கிறது இது. சர்வதேச ஹெர்பெடாலஜிக்கல் சொசைட்டி, பிரிட்டனில் தான் நடத்தும் விற்பனைக் கூட்டங்களில் ஸ்பைடரை அனுமதிப்பதில்லை என்று முடிவெடுத்தது. பாம்புப் பிரியர்களின் அமைப்பே எடுத்த முடிவு என்பதால் அதற்குக் கூடுதல் எடை உண்டு.

இன்னொரு வாதம் இதைவிட வலுவானது. கூண்டில் பிறக்கும் ஒவ்வொரு குஞ்சும் காட்டில் பிடிபடவிருந்த ஒன்றைக் காப்பாற்றுகிறது என்பார்கள். பாதி உண்மை. கூண்டில் பிறந்தவற்றுக்கு ஒட்டுண்ணித் தொல்லை குறைவு, இரையும் எளிதில் எடுக்கும், ஆகவே அனுபவமுள்ளவர்கள் அவற்றையே வாங்குகிறார்கள். ஆனால் கானா, டோகோ, பெனின் நாடுகளிலிருந்து ஏற்றுமதி நின்றுபோய்விடவில்லை. அங்கே காட்டில் சினைப் பாம்புகளைப் பிடித்துவந்து முட்டையிட வைத்து, பொரிந்த குஞ்சுகளை விமானம் ஏற்றுகிறார்கள். சாதாரண நிறக் குஞ்சு மலிவாகக் கிடைக்க இதுவும் ஒரு காரணம். விசித்திர நிறத்தோடு ஏதாவது அகப்படாதா என்று மார்ஃப் வியாபாரிகளும் அந்தச் சரக்கின்மேல் ஒரு கண் வைத்திருக்கிறார்கள். ஆக, கூண்டு இனப்பெருக்கம் காட்டின் சுமையை ஒருபக்கம் இறக்கி மறுபக்கம் ஏற்றுகிறது.

நமக்கும் இதில் சம்பந்தம் உண்டு. பாங்காக்கிலிருந்து வரும் பயணிகளின் பெட்டிகளில் இந்தப் பாம்புக் குஞ்சுகள் சென்னை விமான நிலையத்தில் பலமுறை பிடிபட்டிருக்கின்றன. 2022-இல் திருத்தப்பட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இதுபோன்ற அயல்நாட்டு உயிரினத்தை வைத்திருப்பதையும், அது குஞ்சு பொரிப்பதையும் அரசிடம் தெரிவித்துப் பதிவுசெய்ய வேண்டும். நம் ஊர் மலைப்பாம்பை வீட்டில் வளர்க்கவே கூடாது. சட்டப்படி வாங்க நினைப்பவர்கள் பதிவுச் சான்றோடு தாய் தந்தையின் வகையையும் கேளுங்கள். இரை எடுப்பதை நேரில் பாருங்கள், தலை ஆடினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பம்பிள்பீ என்று வேறு பெயரில் விற்றாலும், அது ஸ்பைடரின் வாரிசுதான்.